பிலிப்பியில் லீதியாளின் ஆற்றங்கரை

கிரேக்க நாட்டின் வடக்கே உள்ள கவாலா துறைமுகம்தான் வேதாகமத்தில் (பைபிளில்) வரும் நெயாப்போலி. இயேசுவைப் பற்றிப் பிரசங்கிக்கப் புறப்பட்ட பவுலும் அவருடைய ஊழியத் துணையான சீலாவும் கப்பலைவிட்டு இறங்கியது இங்கேதான். இங்கிருந்து பிலிப்பி சுமார் 15 கிலோமீட்டர். அவர்களுடைய அந்தப் பயணத்தைச் சொல்லும் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைப் பஸ்ஸிலேயே வாசித்துக்கொண்டு போனோம்.

முதலில் ஆற்றுக்குத்தான் போனோம். ஆறு என்றாலும் நம்மூர் வாய்க்கால் அகலம்தான். மரநிழலில் தெளிந்த தண்ணீர் ஓடுகிறது. கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. ஓய்வுநாளில் பெண்கள் ஜெபிக்கக் கூடியது பட்டணத்துக்கு வெளியே, இப்படியொரு ஆற்றோரத்தில்தான். அங்கே பவுல் பேசியதைக் கேட்டவள், தியத்தீரா ஊரைச் சேர்ந்த இரத்தாம்பரம் என்ற ஊதாநிறத் துணி விற்கிற லீதியாள். வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்ற கையோடு, "என் வீட்டில் வந்து தங்குங்கள்" என்று வருந்தி அழைத்தாளே, அந்த மனசுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்பின் தெரியாத பரதேசிகளுக்கு வீட்டைத் திறந்துவிட்டாள்! இன்றும் இந்த நீரோடையில் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே அவள் பெயரில் ஒரு சின்ன ஆலயமும் இருக்கிறது.

அப்புறம் இடிபாடுகளுக்குப் போனோம். 6-ஆம் நூற்றாண்டுப் பேராலயத்தின் தூண்கள் பிரம்மாண்டமானவை, பார்க்க வேண்டியவைதான். ஆனால் என்னை நிறுத்தியது எக்னாத்தியா என்ற ரோமானியச் சாலை. அதன் கற்களில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. குனிந்து தொட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தன.

பவுலின் சிறை என்று ஒரு சிறிய கல் அறையைக் காட்டுகிறார்கள். அது முதலில் தண்ணீர்த்தொட்டியாக இருந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. இருக்கட்டும். இந்த ஊரில்தானே பவுலையும் சீலாவையும் பிரம்பால் அடித்துக் கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள்? அடிபட்ட காயத்தோடு நடுராத்திரியில் துதித்துப் பாடினார்களே! எங்களோடு வந்த அக்கா ஒருவர் மெல்லப் பாட்டெடுத்தார்; எல்லோரும் சேர்ந்துகொண்டோம். எனக்குப் பாதியில் குரல் வரவில்லை.

விடுதலையானதும் இருவரும் நேரே போனது லீதியாள் வீட்டுக்குத்தான். அந்த வீடு எங்கே இருந்தது என்று காட்ட ஒரு கல்கூட இல்லை. ஆனால் அவள் தொடங்கிவைத்த உபசாரத்தைப் பிலிப்பி சபை விடவே இல்லை. பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒன்றிரண்டு தடவை உதவி அனுப்பியது. பிறகு அவர் காவலில் இருந்தபோது எப்பாப்பிரோதீத்து என்ற தங்கள் ஆளின் கையில் கொடுத்தனுப்பியது. அதற்கு நன்றி சொல்லித்தான் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை (கடிதத்தை) முடிக்கிறார். அந்த நாலாம் அதிகாரத்தை அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தோம்.