கேர் விசாவில் இருந்தபடி ஃபுட் பேங்க் போன அனுபவம்

இங்கிலாந்துக்கு கேர் விசாவில், அதாவது முதியோர், முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான விசாவில், வந்த நம்மவர்கள் சிலர் அரை வயிற்றோடு இருந்தாலும், கஷ்டப்படுகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுப் பொருள்கள் தரும் ஃபுட் பேங்க் பக்கம் போகமாட்டார்கள். விசாவில் இருக்கும் ‘நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்’ என்ற வரிதான் காரணம். நாங்களும் அதைப் பார்த்துத்தான் தயங்கினோம். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வரி யூனிவர்சல் கிரெடிட், சைல்டு பெனிஃபிட் மாதிரியான அரசு உதவித்தொகைகளைப் பற்றியது. ஃபுட் பேங்க் அறக்கட்டளைகள் நடத்துவது. அங்கே சாப்பாடு வாங்கினால் விசா நிபந்தனையை மீறியதாக ஆகாது.

நாங்கள் 2023இல் திருநெல்வேலியிலிருந்து மேற்கு லண்டனுக்கு வந்தோம். என்னை வேலைக்கு எடுத்த நிறுவனம் சொன்ன மணிநேரம் ஒன்று, கொடுத்த ஷிஃப்ட் வேறு. வந்த சம்பளம் வாடகைக்கே சரியாகப் போனது. 2023 செப்டம்பரிலிருந்து லண்டனில் அரசு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம் என்பதால் மகளுக்குப் பகல் வேளை ஓடிவிடும். ராத்திரியும் சனி, ஞாயிறும்தான் கஷ்டம்.

ட்ரஸ்ஸல் என்ற அறக்கட்டளையோடு சேர்ந்த ஃபுட் பேங்க்குகளில் பொதுவாக வவுச்சர், அதாவது பரிந்துரைச் சீட்டு, வேண்டும். பள்ளிக்கூடம், ஜிபி என்கிற குடும்ப டாக்டர், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடங்களில் அதைக் கேட்டு வாங்கலாம். நான் மகளுடைய பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்த அம்மா என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், வீட்டில் எத்தனை பேர், வருமானம் ஏன் போதவில்லை என்று விசாரித்து, கம்ப்யூட்டரில் பதிந்து ஒரு வவுச்சர் எண்ணைக் கொடுத்தார். அவ்வளவுதான். திறக்கும் நாளும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு சர்ச் ஹால். வரிசையில் நிற்க வைப்பார்கள் என்று நினைத்துப் போனால், உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வீட்டில் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். கெட்டில் மட்டும் வைத்து ஒற்றை அறையில் இருப்பவர்களுக்கு, வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற மாதிரிப் பொருள்களாகப் பார்த்துத் தருவார்களாம். அந்த ஒரு கேள்வியிலேயே என் கூச்சம் பாதி போய்விட்டது. மாட்டிறைச்சி வேண்டாம் என்றதும் அந்த டின்னை எடுத்துவிட்டு டூனாவும் பருப்பும் வைத்தார்கள்.

குறைந்தது மூன்று நாளைக்குப் போதுமான பொருள்களைப் பையில் போட்டுத் தருகிறார்கள். டின்னும் பாக்கெட்டும்தான் அதிகம். முதலில் பார்க்கும்போது நம் சமையலுக்கு ஆகாது என்று தோன்றும், ஆனால் ஆகும். கொண்டைக்கடலை டின்னைக் கழுவிக் கடுகு தாளித்தால் சுண்டல். டின் தக்காளியில் ரசம் நன்றாகவே வரும், ஏற்கெனவே வெந்த தக்காளி என்பதால் சீக்கிரம் வேலை முடியும். ராஜ்மாவைப் புளிக்குழம்பில் போட்டேன். ஓட்ஸில் உப்புமா கிண்டலாம், நீர்க்கக் காய்ச்சி உப்புப் போட்டால் கஞ்சி. அட்டைப்பெட்டிப் பாலைக் கொஞ்சம் சூடாக்கி உறை ஊற்றினால் தயிர் ஆகிவிடும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் மிளகாய்ப்பொடி, பெருங்காயம், புளி சொல்லிவிடுங்கள். அவை இருந்தால் இந்தப் பை நம் வீட்டுச் சாப்பாடாக மாறிவிடும்.

வவுச்சர், பதிவு எதுவும் இல்லாமல் சாப்பிட, சீக்கியர் கோவிலான குருத்வாரா இருக்கிறது. மேற்கு லண்டனின் சவுத்தாலில் குருநானக் ரோட்டில் (பழைய பெயர் ஹேவ்லாக் ரோடு) உள்ள பெரிய குருத்வாராவுக்கு வீட்டில் மூன்று பேரும் போவோம். செருப்பைக் கழற்றி, தலையை மூடி, கையைக் கழுவிவிட்டு, எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் கூடத்துக்குப் போகலாம். ரொட்டி, பருப்பு, சைவ உணவு. யார், எந்த மதம் என்று ஒருவரும் கேட்பதில்லை. மகள் தட்டு காலியானால் இன்னொரு ரொட்டியோடு யாராவது வந்து நிற்பார்கள். பசியோடு வருகிறவரிடம் காரணம் கேட்காமல் இலை போடுவது வடலூரில் 1867 முதல் நடப்பதுதான். அந்த மனசை இவ்வளவு தூரம் தாண்டி வந்தும் பார்த்தேன்.

ஆனால் மூன்று நாள் பை சம்பளப் பிரச்சினையைத் தீர்க்காது. அதே சர்ச் ஹாலில் ஓர் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். என் ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பார்த்து, எந்தெந்த மாதம் எவ்வளவு குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதிக் காட்டினார். வேறு ஸ்பான்சரிடம், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்று வேலை தரும் வேறு நிறுவனத்திடம், மாற முடியும், ஆனால் புது விசா அனுமதி வந்த பிறகுதான் அங்கே வேலையைத் தொடங்கவேண்டும் என்பதையும் அவர்தான் தெளிவாகச் சொன்னார். ஃபுட் பேங்க் போகும்போது ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். பைக்கு அவை தேவையில்லை. ஆலோசகர் இருந்தால் அன்றே காட்டிவிடலாம்.