வாசலுக்கு முன்னால் கிடக்கும் பனி

ரொறன்ரோவின் பழைய நகரப் பகுதியில் வீடு வாங்கிய முதற் குளிர்காலத்தில், ஸ்காபரோவில் இருந்த எங்கள் உறவினர்களுக்கு இல்லாத ஒரு வேலை எங்களுக்கு வந்து சேர்ந்தது. அங்கே நடைபாதைப் பனியை மாநகரசபையின் சிறிய வண்டி வந்து தள்ளிவிட்டுப் போகும். எங்கள் தெருவிலோ, பனி பெய்து ஓய்ந்த 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரே அதை வாரி அகற்ற வேண்டும் என்பது மாநகரசபையின் அப்போதைய துணைவிதி. 1998இல் ஸ்காபரோ உள்ளிட்ட ஆறு நகராட்சிகளை இன்றைய ரொறன்ரோவாக ஒன்றிணைத்தபோது, அந்தந்தப் பகுதியின் பழைய வழக்கம் அப்படியே தொடர்ந்ததால் வந்த வேறுபாடு இது.

நடைபாதையைத் தொட்டால்தான் வழக்கு வரும், தொடாமல் விட்டால் விழுகிறவர் நகரத்தோடு பார்த்துக்கொள்ளட்டும் என்று நம்மவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சட்டம் முழுக்க அப்படி இல்லை. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தந்த தீர்ப்பின்படி, துணைவிதியை மீறும் வீட்டுக்காரருக்குத் தண்டம் விதிக்கலாமே தவிர, அந்த மீறல் ஒன்றை மட்டும் வைத்து விழுந்தவர் அவரிடம் நட்டஈடு கோர முடியாது. நடைபாதையைப் பாதுகாப்பாக வைத்திருப்பது நகரத்தின் கடமை. ஆனால் நகரத்தின் மீது வழக்குத் தொடர்வதும் எளிதன்று. நடைபாதைப் பனியைப் பொறுத்தவரை, மிக மோசமான கவனயீனம் என்று நிறுவினாலன்றி நகரம் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அதுவும் விழுந்த 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனாலும் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கும், ஆங்கிலம் சரளமாக வராத ஒரு முதியவருக்கு அந்த 10 நாட்கள் எப்படிப் போகும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

வீட்டுக்காரர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாத இடமும் உண்டு. தன் காணியில் உண்டான ஆபத்து நடைபாதைக்கு வழிந்து போனால் அவர் நட்டஈட்டுக்கு ஆளாகலாம் என்பதை அதே தீர்ப்பு ஏற்றுக்கொள்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததே அதுதான். பகலில் கூரைப் பனி உருகி, பீலிக் குழாய் வழியாக இறங்கி, நடைபாதையின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்கு ஓடி, இரவில் உறைந்துவிடும். அடியிலுள்ள சீமெந்தின் நிறம் தெரியும்படி கண்ணாடிபோல் கிடந்த அந்தக் கட்டியில், சாமான் வண்டியை இழுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் விடியற்காலையில் வழுக்கி முழங்கால் குத்த விழுந்தார். எலும்பு முறியாதது அவர் செய்த புண்ணியம். மணிக்கணக்குப் பிசகாமல் பனி வாரிக்கொண்டிருந்த நான், அந்தக் குழாயின் வாயை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. உப்பும் கைகொடுக்கவில்லை, மைனஸ் 10 பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. அந்த வார இறுதியிலேயே குழாயைப் பின்வளவுப் பக்கம் திருப்பினோம்.

வாகனம் ஓடும் வீதியை நகரம் துப்புரவாக்க, மனிதர் நடக்கும் பாதையை மட்டும் அவரவர் உடல்வலுவுக்கு விட்டுவைப்பது நியாயமன்று என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன். இருபது வீட்டார் ஒழுங்காக வாரி, ஒருவர் மட்டும் விட்டுவிட்டாலும், வோக்கரோடு வருபவருக்கு அந்தத் தெரு அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த ஒருவரும் சோம்பேறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருதய நோயாளியாகவும் இருக்கலாம். மொன்றியலில் நடைபாதைப் பனியை நகரமே அகற்றுகிறது. ரொறன்ரோ மாநகரசபையும் 2021இல் அந்தச் சேவையைப் பழைய நகரப் பகுதிகளுக்கு விரிவாக்கியபோது, எனக்கு வந்த ஆறுதல் சிறிதன்று.

இப்போது எங்கள் தெருவுக்கும் சிறிய வண்டி வருகிறது. ஆனால் பேருந்துத் தரிப்பிடத்துக்குத் திரும்பும் மூலையில், வீதிப் பனியைத் தள்ளும் பெரிய வண்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகிறது. ஏழரை மணிப் பேருந்துக்கு முன்பே சவலோடு போய், அந்த அம்மாவின் சாமான் வண்டி போகும் அகலத்துக்கு அதில் வழி வெட்டி வைக்கிறேன்.