டிரக்கோமா கணக்கெடுப்பில் நாங்கள் பட்ட பாடு: இனிச் செல்பவர்களுக்குச் சில குறிப்புகள்

மேற்கு ராஜஸ்தானில், பார்வையைப் பறிக்கக்கூடிய கண் தொற்றுநோயான டிரக்கோமாவுக்கான கணக்கெடுப்புக் குழுவில் கண் பரிசோதகராகப் பணியாற்றிய எனக்கு, நோயைக் கண்டறிவதைவிட ஒரு கடிதத்துக்கு எண் வாங்குவதுதான் கடினமாக இருந்தது. மாவட்டச் சுகாதார அலுவலகம் வழங்கிய அனுமதிக் கடிதத்தில் கையொப்பமும் முத்திரையும் இருந்தும், அனுப்புகை எண் போடப்படவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, வட்டார அலுவலகத்து எழுத்தர், ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பெண் பணியாளரை எங்களுடன் அனுப்ப மறுத்துவிட்டார். தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றோம். வாய்வார்த்தை செல்லாது என்றார். அன்றைய நாள் முழுவதும் மாவட்டத் தலைநகருக்குப் போய்வருவதிலேயே கழிந்தது. ஆகவே, கடிதம் கைக்கு வந்ததும் எண்ணும் தேதியும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். வட்டாரத்துக்கும் ஊராட்சிக்கும் தனித்தனிப் படிகள் கேட்டு வாங்குங்கள். உள்ளூர்ப் பெண் ஒருவர் உடன் வராமல் அங்கே எந்த வீட்டு முற்றத்திலும் கால் வைக்க முடியாது.

பயிற்சியும் தேர்வும் சிக்கலின்றி முடிந்தன. குழந்தைகளிடம் இருக்கும் தொற்று 2014 முதல் 2017 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பிலேயே அளக்கப்பட்டுவிட்டதால், அடுத்து 200 மாவட்டங்களில் நடந்த இந்தக் கணக்கெடுப்பு, சிறுவயதில் திரும்பத் திரும்ப வந்த தொற்றின் தழும்பால் மேல் இமை உட்புறம் சுருண்டு, இமைமுடி விழியை உரசும் நிலையை மட்டும், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் தேடியது.

கிராமப் பட்டியல் தந்த தொல்லை தனி. குலுக்கலில் வந்த ஊர்களில் ஒன்று பழைய மக்கள்தொகைக் கணக்கின்படி கிராமம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது நகராட்சியின் வார்டுகளுக்குள் கரைந்திருந்தது. பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று பலரும் சொன்னார்கள். அதைச் செய்யவே கூடாது. குலுக்கலில் ஊர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் மாற்று ஊரையும் தர வேண்டும். நம் வசதிக்கு ஓர் ஊரைப் பிடித்தால் சாலையோரத்து ஊர்களே கணக்கில் நிறையும், தண்ணீருக்கு நெடுந்தூரம் நடக்கிற ஊர்கள் விடுபட்டுப்போகும், இந்த நோயோ அத்தகைய ஊர்களில்தான் நெடுங்காலம் தங்கியிருந்தது. பதில் வரும்வரை ஒரு டீக்கடையில் காத்திருந்தோம்.

இன்னோர் ஊரில் ஊராட்சித் தலைவர் மிகுந்த அன்போடு பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு, எல்லாரையும் இங்கேயே வரவழைக்கிறேன், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றார். முகாமுக்குக் கண் உறுத்துகிறவர்கள் முதலில் வருவார்கள், நலமாக இருப்பவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், நடக்க முடியாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அப்படிக் கிடைக்கும் விகிதத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. சுகாதாரத் துறைக்குத் தெரியாத நோயாளிகள் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதே ஒழிப்புக்கான வரம்பு. அதாவது ஆயிரம் பேரில் இரண்டு பேர்கூட இருக்கக் கூடாது. இவ்வளவு சிறிய எண்ணைத் தேடும்போது ஒரு கிழவியை விட்டுவிட்டாலும் கணக்கு ஆட்டம் காணும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு அவரே தம் மகனை எங்களோடு தெருத் தெருவாக அனுப்பினார்.

விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். இமைமுடி உரசலும் ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம். ஒரு வீட்டில் எல்லாரையும் பரிசோதித்து முடித்த பிறகு, வேறு யாருமில்லையா என்று மூன்றாம் முறையாகக் கேட்டபோதுதான், பின்கட்டில் பாட்டி இருக்கிறாள், அவளுக்குத்தான் பார்வையே இல்லையே, பார்த்து என்ன ஆகப்போகிறது என்றார்கள். முந்தானை முடிச்சில் ஒரு சிறு இடுக்கி வைத்திருந்தார் அந்த அம்மாள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உருப்பெருக்கி வழியாகப் பார்த்தால், வலது மேல் இமையில் முடி எதுவும் விழியைத் தொடவில்லை. ஆனால் உட்புறம் திரும்பிய அடிக்கட்டைகள் வரிசையாக மினுங்கின. அன்று காலையில்தான் பிடுங்கியிருக்கிறார். அண்மையில் பிடுங்கிய அடையாளம் இருந்தாலும் அது நோய்தான் என்று வரையறை தெளிவாகச் சொல்கிறது. வெறும் கண்ணால் பார்த்திருந்தால் நலம் என்று எழுதிவிட்டு வந்திருப்போம். இமையைத் திருப்பிப் பார்த்தபோது வெண்மையான தழும்பும் இருந்தது.

அடுத்த கேள்வியில்தான் மேலும் கவனம் வேண்டும். அறுவை சிகிச்சையோ முடி அகற்றலோ செய்துகொள்ளலாம் என்று சுகாதாரப் பணியாளர் எவராவது சொன்னார்களா என்று கேட்டால், மகன் உடனே, சொன்னார்கள், அம்மாதான் வேண்டாம் என்றாள் என்று பதில் தந்தார். அந்தப் பதிலைப் பதிவாளர் எழுதியிருந்தால், சுகாதாரத் துறைக்குத் தெரிந்த நோயாளி என்று கணக்கிலிருந்தே அவர் நீங்கியிருப்பார். நான் ஆஷாவை அந்த அம்மாள் பக்கத்தில் உட்காரச் சொல்லி, மகனை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி கேட்டேன். யாரும் இதுவரை என் இமையைத் தூக்கிப் பார்த்ததே இல்லை என்றார். அந்த வரியைப் பதிவு செய்த அன்று எனக்கு ஏற்பட்ட நிறைவு, 2024 அக்டோபரில் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற அளவில் டிரக்கோமாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று வழங்கிய செய்தியைப் படித்தபோதுகூட ஏற்படவில்லை. நேபாளம், மியான்மர் ஆகியவற்றுக்குப் பிறகு தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் நாம் மூன்றாவதாக வந்தோம் என்பதில் பெருமைதான். ஆனால் சான்றுக்குப் பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும், அப்படித் தேடிச் செல்கிறவர்கள் பின்கட்டு வரை போக வேண்டும்.

அவரை அறுவை சிகிச்சைக்கு அனுப்பியபோதும் முதல் பயணம் வீணானது. இமை அறுவை செய்யும் மருத்துவர் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் வருவார் என்பதை மருத்துவமனையில் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குடும்பம் வண்டி வைத்துப் போய்த் திரும்பி வந்தது. மறுமுறை ஆஷாவே கூட்டிப்போய்ச் செய்து முடித்தார். பரிந்துரைச் சீட்டை இரண்டு படிகளாக எழுதி ஒன்றை ஆஷாவிடம் கொடுங்கள். அறுவை நாள் எதுவென்று மருத்துவமனையில் கேட்டறிந்து, சீட்டின் மேலேயே பெரிய எழுத்தில் குறித்துவிடுங்கள்.