நாவலடிக் கரையிலிருந்து: வாடகைப் படகு நாட்குறிப்பு

8.6.2024, சனி

இந்தப் பருவத்தின் முதல் வாடகைப் பயணம் இன்று அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டது. முகத்துவாரத்தை மணல் மூடியிருப்பதால் மட்டக்களப்பு வாவியிலிருந்து கடலுக்குப் போக வழியில்லை. ஆகவே மாமாவின் பைபர் படகை நாவலடி மணலிலிருந்தே தள்ளி, மூன்று பெரிய அலைகளைப் போகவிட்டு, அடுத்து வந்த அமைதியில் இறக்கினோம். வந்திருந்தவர்கள் கொழும்பைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள். ஒழுங்குசெய்து கொடுத்த தரகர் இவர்களிடம் "மீன் நிச்சயம்" என்று வாக்களித்திருக்கிறார் என்பது படகில் ஏறிய பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இழுவைத் தூண்டில்கள் இரண்டைப் பின்னால் விட்டு ஓடினோம். அவர்களில் ஒருவர் தாம் கொண்டுவந்த போலி மீனைக் கம்பி கோக்காமல் நைலோன் தங்கூசியிலேயே நேரடியாகக் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றார். கூரிய பற்கள் கொண்ட அறக்குளா மீன் ஒரே இழுப்பில் அதைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தேன்; சவர அலகால் நறுக்கியதுபோல் இருந்தது. அதன் பிறகு அவரே கம்பி கேட்டு வாங்கினார். மூன்று சூரைகள் கிடைத்தன. பிடித்தவுடன் செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு ஐஸில் புதைத்தோம். சூரையை வெயிலில் கிடத்தினால் அதில் உண்டாகும் நஞ்சைச் சமைத்தும் போக்க முடியாது.

9.6.2024, ஞாயிறு

காற்று. கடலுக்குப் போகவில்லை.

15.6.2024, சனி

கச்சான் காற்றைப் பற்றி வெளியூர்க்காரருக்கு விளங்கவைப்பது கடினம். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் குளம்போலத் தட்டையாகக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் "இன்றைக்குக் கடல் நல்லதுதானே" என்கிறார்கள். உண்மையில் இயந்திரம் நின்றுவிட்டால் அதே காற்று படகை ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். இன்று பத்தரை மணிக்கு அதுதான் நடந்தது. இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மாமா எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார்: மண்ணெண்ணெய்க்கு அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர், கண்ணாடித் துண்டுபோலத் தெளிவாகத் தேங்கியிருந்தது. நான் நங்கூரத்தை இறக்கினேன். கயிறு முழுவதும் ஓடிய பின்னரே அது தரையைப் பிடித்தது.

வந்திருந்த விருந்தினர், நடுத்தர வயதுக்காரர், "என்னண்ணே, கரை தூரமாகிறதே" என்று கேட்டபோது மாமா தலை நிமிராமல், "மறுகா என்ன தம்பி, கயிறு பிடிச்சிட்டுது, இருங்கோ" என்றார். எண்ணெய் வாங்கிய இடத்தைத் திட்டுவதில் எனக்கு ஆறுதல் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் கலனில் ஊற்றும்போது துணியால் வடிக்காதது என் தவறு. நாற்பது நிமிடங்களில் இயந்திரம் மீண்டும் ஓடியது. அன்றைக்கு வாடகையில் பாதியைத்தான் மாமா வாங்கினார்.

22.6.2024, சனி

நேற்றுப் பறுவம், அதாவது முழுநிலா, என்பதால் நீரோட்டம் பலமாக இருந்தது. ஈயக்குண்டின் எடையைக் கூட்டியும் கைத்தூண்டில் சரிந்துகொண்டே போனது. கனடாவிலிருந்து வந்திருந்த தகப்பனும் மகளும் கப்பல் பார் என்று நாங்கள் சொல்லும் இடத்துக்குப் போக விரும்பினார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் அங்கே ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. அன்று அதில் 307 பேர் மாண்டார்கள். மாமா பாலமீன்மடு வெளிச்சவீட்டையும் பின்னாலிருந்த ஒரு மரக்கூட்டத்தையும் நேர்படுத்திப் பார்த்தே இடத்தைப் பிடித்தார். அங்கே அவர் நல்ல நங்கூரத்தை இறக்குவதில்லை. மெல்லிய கயிற்றில் கட்டிய ஒரு கல்லைத்தான் இறக்குவார். இரும்பில் சிக்கினால் கல்லோடு போகட்டும் என்பது கணக்கு.

மகளுடைய தூண்டிலில் ஒரு கலவாய் அகப்பட்டது. மேலே வரும்போதே அதன் இரைப்பை வாய்க்கு வெளியே பிதுங்கி, கண்கள் புடைத்திருந்தன. "விட்டுவிடலாமா, தாத்தா?" என்று அவள் கேட்டாள். அமுக்கம் குறையும்போது மீனின் காற்றுப்பை ஊதிவிடும், இனி அதனால் கீழே போக முடியாது, மிதந்து கிடந்து பருந்துக்குத்தான் இரையாகும் என்று மாமா பொறுமையாகச் சொன்னார். அவள் சிறிது நேரம் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தூண்டிலைப் பலகையில் சுற்றி வைத்தாள். தகப்பன் கல்லடியில் இருக்கும் தன் தாயைத் தொலைபேசியில் அழைத்து, மத்தியானக் கறிக்குப் புளி கரைத்து வைக்கச் சொன்னார். பெட்டியில் கணவாய் இரை பாதிக்கு மேல் மீதமிருந்தது. இருந்தும் மாமா கல்லை இழுக்கச் சொன்னார். அது சிக்காமல் வந்தது.