கூப்பிட்டால் வராத ராஜபாளையம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பின்தெரு வீட்டு மொட்டை மாடியில் ஒரு ராஜபாளையம் நாய் கட்டிக் கிடந்தது. குட்டைச் சங்கிலி, பாதி நாள் வெயில். குட்டியில் ஆசை ஆசையாக வாங்கியவர்கள்தான். "சொன்ன பேச்சு கேக்காது தம்பி. கூப்பிட்டா திரும்பிகூடப் பாக்காது, தொட்டா கடிக்க வருது" என்றார் வீட்டுக்காரர்.

இப்படிக் கட்டிப்போடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் வரும் குற்றம். ஆனால் எடுத்ததுமே சட்டம் பேசினால் கதவைச் சாத்திவிடுவார்கள். "அண்ணா, நானே வைத்தியம் பார்த்து நல்ல இடத்தில் விடுகிறேன்" என்றேன். உடனே சரி என்றுவிட்டார். நாயை என்னிடம் ஒப்படைப்பதாக வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். நாய் தேறிப் பளபளவென்று ஆனதும் சிலருக்குப் பாசம் திரும்பி வந்துவிடும்!

ஆட்டோவில் ஏற்ற ஆளில்லை. டாடா ஏஸ் பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். காதுக்குள், விரலிடுக்கில் எல்லாம் உண்ணி. ரத்தச் சோதனையில் உண்ணிக் காய்ச்சலும் ரத்தசோகையும் தெரிந்தன. நாலு வாரம் டாக்ஸிசைக்ளின். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும் என்பதால் கறிச்சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன்.

டாக்டர் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று பலமாகக் கைதட்டினார். காது மடல்கூட அசையவில்லை. உள்காதில் நிறமி இல்லாமல் பிறக்கும் வெள்ளை நாய்களுக்கு இந்தச் செவிட்டுத்தன்மை வருவதுண்டாம். அடங்காப்பிடாரி என்று பெயர் வாங்கிய நாய்க்குக் கூப்பிட்டதே கேட்டதில்லை! பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் யாராக இருந்தாலும் பதறத்தானே செய்யும்? அன்றிலிருந்து முன்னால் போய் நின்று கை காட்டினேன், தூங்கும்போது தரையைத் தட்டி எழுப்பினேன். உட்காருவதற்கான சைகையைக் கருவாட்டுத் துண்டுக்காகச் சீக்கிரமே கற்றுக்கொண்டது.

ஆள் தேடுவதுதான் பெரும்பாடு. மணலியில் ஒருவர் குடோன் காவலுக்குக் கேட்டார். அங்கேயும் சங்கிலிதான், மாட்டேன் என்றேன். கிராஸிங்குக்குக் கேட்டவர்கள் அதிகம். பிறவிக் குறையைக் குட்டிகளுக்கும் கொடுப்பானேன்? ரத்த அளவு ஏறியதும் கருத்தடை செய்தேன், அத்தோடு அந்தப் போன்கள் நின்றன.

காது கேட்காது என்பதை எல்லாரிடமும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். பலர் அங்கேயே கழன்றுகொண்டார்கள். மாதவரத்திலிருந்து பேசிய ஒரு அம்மா மட்டும், "அப்போ சாப்பிட எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டார். எனக்கு அது போதும். நேரில் போய் காம்பவுண்டுச் சுவரையும் கேட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியையும் பார்த்தேன். அவர்கள் வீட்டுப் பையன் சில ஞாயிறுகள் எங்கள் வீட்டுக்கு வந்து நாயோடு பழகினான். அப்புறம்தான் அனுப்பினேன். லாரி ஹாரன்கூடக் கேட்காது, தெருவில் கயிறில்லாமல் விடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். முடியாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் என்னிடமே திருப்பித் தருவதாக அவர்களும் எழுதித் தந்தார்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் காட்டி மாநகராட்சி உரிமமும் அவர்கள் பெயரில் எடுத்தாகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் வராந்தா விளக்கை அணைத்துப் போடுகிறார்களாம், எங்கிருந்தாலும் ஓடி வருகிறதாம். உண்ணி மருந்துக்கு மட்டும் மாதாமாதம் நான் போன் போட்டு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.