நீங்கதானேக்கா அனுப்பச் சொன்னீங்க

"நீங்கதானேக்கா அனுப்பச் சொன்னீங்க?" என்று கேட்டேன். ஆப்பரேஷன்ஸ் அக்கா பதில் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். நான் சொன்னதில் பொய் இல்லை, மீட்டிங் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சிங்கப்பூரில் எங்கள் கம்பெனியிலிருந்து ஏர்கான் சர்வீசுக்கு ஆள் வருகிறார் என்று முதல் நாள் மாலை 6 மணிக்கு வாடிக்கையாளர்களுக்கு எஸ்எம்எஸ் போகும். முன்பு அந்த நேரம் ஜாவா கோடுக்குள்ளேயே, ஸ்பிரிங் என்ற ஃபிரேம்வொர்க்கின் ஷெட்யூல்டு அனொட்டேஷனில், அதாவது எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் குறிப்பில் இருந்தது. சீனப் புத்தாண்டு நெருக்கத்தில் நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ள வேண்டுமென்றால்கூட கோடை மாற்றி, டெஸ்ட் செய்து, டெப்ளாய் செய்ய வேண்டும். ஆப்பரேஷன்ஸ் அக்காவுக்கு அலுத்துப்போய், "நானே மாத்திக்கிற மாதிரி ஒரு ஸ்கிரீன் போட்டுக் கொடுங்க தம்பி" என்றார். கேட்டது நியாயம்தான்.

ஷெட்யூல் போட்ட வேலைகளை சர்வரின் மெமரியில் ஒரு மேப்பில், அதாவது பட்டியல் மாதிரி, வைத்துக்கொண்டு, நேரம் மாறினால் பழையதை கேன்சல் செய்து புதியதைப் போடலாம் என்று முதலில் நினைத்தேன். ஒரே சர்வர் என்றால் அது போதும். எங்களுடையது இரண்டு. ஒன்றில் மாற்றினால் மற்றதற்குத் தெரியாது, பழைய நேரத்துக்கு ஒன்றும் புதிய நேரத்துக்கு ஒன்றுமாக எஸ்எம்எஸ் இரண்டு தடவை போகும். அதனால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் குவார்ட்ஸ் என்ற ஜாவா லைப்ரரிக்குப் போனோம். அடுத்து ஓட வேண்டிய நேரத்தை அது இரண்டு சர்வருக்கும் பொதுவான டேட்டாபேஸ் டேபிளில் வைத்துக்கொள்ளும், எந்த சர்வர் முந்திப் பூட்டுப் போடுகிறதோ அது எடுத்து ஓட்டும்.

குவார்ட்ஸில் மிஸ்ஃபயர் என்று ஒன்று உண்டு. நாம் எதையும் மாற்றாவிட்டால், குறித்த நேரம் தாண்டி 60 வினாடிக்கு மேல் போனால் அந்த வேலை தவறியதாகக் கணக்கு. அப்புறம் உடனே ஒரு தடவை ஓட்டுவதா, விட்டுவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருப்பதா என்று நாம் சொல்லி வைக்கலாம். சொல்லாவிட்டால் க்ரான் ட்ரிகரை, அதாவது தினமும் இந்த மணிக்கு என்பதுபோல் குறித்து வைத்ததை, அது உடனே ஓட்டிவிடும். நான் அதை அப்படியே விடவில்லை, அக்காவிடம் கேட்டேன்: "சர்வர் டவுன் ஆகியிருந்தா, திரும்ப வந்ததும் அனுப்பணுமா, விட்டுடலாமா?"

"போகாம இருந்தா எப்படி? அனுப்பித்தான் ஆகணும் லா."

சரி என்று குறித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் மாலையில் தொடங்கிய டேட்டாபேஸ் பராமரிப்பு இழுத்துக்கொண்டே போய் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் முடிந்தது. குவார்ட்ஸ் விழித்ததும் 6 மணி வேலையை எடுத்து ஓட்டியது, மொத்தப் பட்டியலுக்கும். 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ் எல்லாம் 'லைக்லி ஸ்கேம்' என்ற தலைப்போடு வரும் ஊர் இது. எங்கள் பெயர் பதிவானதுதான், ஆனால் நடுராத்திரியில் 'நாளை காலை உங்கள் வீட்டுக்கு ஆள் வருகிறார்' என்று வந்தால் யார் நம்புவார்கள்? மறுநாள் ஓர் அடுக்குமாடி புளோக்கில் எங்கள் டெக்னீஷியன் ஏணியோடு நிற்க, ஒரு வயதான ஆன்ட்டி இரும்பு கேட்டைத் திறக்காமலே அவர் பாஸைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பியிருக்கிறார். அன்றைக்குத்தான் அந்த போன் வந்தது. "இந்த நேரத்துல யாராவது மெசேஜ் அனுப்புவாங்களா தம்பி?"

பிசினஸ் முடிவை புரோகிராமர் கோடுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஜூனியர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்கிறேன். நானாகவே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, பத்து நிமிடத் தடங்கலில் எஸ்எம்எஸ் போகாமல் இருந்திருந்தால், யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று இதே அக்காதான் கேட்டிருப்பார். கேட்கவும் வேண்டும்.

ஆனால் நான் கேட்ட கேள்வியில் இரண்டே வழி இருந்ததற்குக் காரணம், குவார்ட்ஸ் என் முன்னால் வைத்தது அந்த இரண்டைத்தான். அவர் மனதில் அந்தத் தடங்கல் எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. மறுநாள் அவரே சாதாரணமாகச் சொன்னார்: "எட்டு மணி வரைக்கும்னா அனுப்பு. அதுக்கு மேலன்னா லிஸ்டை எனக்குக் கொடு, காலையில ஆள் வச்சுப் போன் பண்ணிக்கிறேன்." எந்த லைப்ரரியிலும் இல்லாத மூன்றாவது வழி. முதல் நாளே வேறு மாதிரி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? தெரியவில்லை. அந்த மீட்டிங்கில் எல்லோருக்கும் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த எஸ்எம்எஸ் வேலை ஓடத் தொடங்கியதும் குறித்த நேரத்தையும் உண்மையில் ஓடிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும், எல்லை தாண்டினால் அனுப்பாமல் லிஸ்ட் போட்டுக் கொடுக்கும். அந்த எல்லையையும் ஸ்கிரீனிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

அவர்தான் மாற்றுவதில்லை. "தம்பி, வெள்ளிக்கிழமை மட்டும் 5 மணி ஆக்கவா, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று வாட்ஸ்அப்பில் வரும். முதலில் "நீங்களே மாத்தலாம்க்கா" என்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன், பிறகு வேலை நடுவே விளக்கிக்கொண்டிருப்பதைவிட நானே உள்ளே போய் மாற்றுவது சுலபமாகிவிட்டது. அந்த ஸ்கிரீனின் லாகைப் பார்த்தால் சமீபத்திய மாற்றங்களில் பெரும்பாலானவை என் பெயரில்தான் இருக்கின்றன.