அனுபவ பாத்தியம்: ஸ்காட்லாந்தின் வடக்கே அப்பாவுடன் ஆறு நாள்

27 ஆகஸ்ட் 2024, கிளென்கோ

அப்பா நாகப்பட்டினத்திலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. லண்டன் காட்டியாயிற்று, யார்க் காட்டியாயிற்று, எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கும்மா" என்ற ஒரே பதில். மலை காட்டலாம் என்று ஆறு நாள் லீவு போட்டு, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, காலை ஐந்தரைக்கு லீட்ஸை விட்டுக் கிளம்பினோம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நானும் அப்பாவும் மட்டும். பின் சீட்டில் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய், ஒரு டப்பா முறுக்கு.

கிளாஸ்கோ தாண்டி லோமண்ட் ஏரிக்கரையோடு வளைந்து வளைந்து போய் ரன்னோக் மூர் வந்ததும்தான் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்த்த பக்கமெல்லாம் பழுப்பும் ஊதாவுமாகச் சதுப்பு நிலம், நடுவில் கறுப்பாகக் குட்டை குட்டையாகத் தண்ணீர், ஒரு வீடு கிடையாது, ஒரு வேலி கிடையாது. "இவ்ளோ இடம் சும்மா கெடக்கே, புறம்போக்கா?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர், 2014-இல் ஓய்வு பெற்றார். நிலத்தைப் பார்த்தால் அழகு தெரியாது, வகைப்பாடுதான் தெரியும். யாராவது பிரபு பெயரில் இருக்கும்ப்பா என்றேன். "பட்டா பாத்தியா?" என்றார்.

கிளென்கோவில் மழை. மூன்று மலைகள் சாலையோரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன, அக்கா தங்கைகள் என்று பெயர். அதன் எதிரே காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியெல்லாம் ஆவி பிடிக்க, உள்ளே உட்கார்ந்தே தயிர்சாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டேதான் கதையைச் சொன்னேன். 1692. வில்லியம் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க ஜனவரி 1 கெடு. இந்தப் பள்ளத்தாக்கின் மக்டொனால்டு தலைவர் டிசம்பர் 31 அன்று வில்லியம் கோட்டைக்குப் போய் நிற்கிறார், இங்கே ஆகாது, இன்வரேரிக்குப் போ என்கிறார்கள், பனியில் நடந்து போய்ச் சேர்ந்து பிரமாணம் எடுக்கும்போது ஜனவரி 6. "ஆபீஸ் மாத்தி அனுப்பிச்சிட்டு லேட்டுன்னு சொல்றதா," என்று அப்பா இங்கேயே கோபப்பட ஆரம்பித்துவிட்டார். அடுத்த மாதம் சுமார் 120 சிப்பாய்கள் வந்து அந்த மக்கள் வீடுகளிலேயே தங்கி, பன்னிரண்டு நாள் அவர்கள் சோற்றைச் சாப்பிட்டு, சீட்டாடி, பிப்ரவரி 13 விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வெட்டியிருக்கிறார்கள். செத்தவர்கள் 38 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பனியில் ஓடி உறைந்து போனவர்கள் தனி.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம்," என்றார் அப்பா. இந்த ஊர்ச் சட்டத்திலும் அதற்கென்று தனிப் பெயர் இருந்திருக்கிறது, நம்பிக்கைக்குள் செய்த கொலை என்று, சாதாரணக் கொலையைவிடப் பெரிய குற்றம். எழுத்தில் வந்த உத்தரவில் எழுபது வயதுக்குக் கீழே உள்ளவர்களையெல்லாம் வெட்டு என்று இருந்தது. அப்பாவுக்கு 68. "எனக்கு ரெண்டு வருஷம் கொறையுதே," என்று சொல்லி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

28 ஆகஸ்ட், கலோடன்

நெஸ் ஏரியோரமாக வந்தோம். அந்த ஏரிப் பிராணியைப் பற்றிச் சொன்னதற்கு அப்பா மரியாதைக்குக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கலோடன் ஒரு பொட்டல். இன்வர்னெஸ்ஸுக்குக் கிழக்கே, காற்று மட்டும் இருக்கிற பொட்டல். 1746 ஏப்ரல் 16. தன் வம்சம் இழந்த சிம்மாசனத்தை மீட்க வந்த ஸ்டூவர்ட் இளவரசன் சார்ல்ஸின் ஆட்கள் முதல்நாள் ராத்திரி அரசுப் படையின் முகாமைத் திடீரென்று தாக்கலாம் என்று நடந்து, விடிவதற்குள் போய்ச் சேர முடியாமல் திரும்பி, தூக்கமும் சோறும் இல்லாமல் இந்தச் சேற்றில் பீரங்கிக்கு எதிரே வாளை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அவர்கள் பக்கம் சுமார் 1500 பேர் போய்விட்டார்கள். இரு படையும் நின்ற வரிசைகளைச் சிவப்புக் கொடியும் நீலக் கொடியும் நட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து பார்த்தேன், செருப்புக்குள் தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான் தூரம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிது. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கட்டம் போட்ட துணி உடுத்தக் கூடாது, குலத் தலைவனுக்கு இருந்த அதிகாரம் செல்லாது. உடைத்தடை 1782 வரை இருந்தது.

புதைகுழிகள் புல் முளைத்த மேடுகளாக இருக்கின்றன. 1881-இல் நட்ட கற்களில் ஒவ்வொரு குலத்தின் பெயரும் வெட்டியிருக்கிறது, ஃப்ரேசர், மெக்கின்டாஷ், கேமரூன் என்று. ஒரு கல்லில் மட்டும் 'கலந்த குலங்கள்' என்று இருக்கிறது. யார் யார் என்று பிரிக்க முடியாதவர்கள். அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. 2004 டிசம்பர் கடைசி வாரம் முழுவதும் அவர் வீட்டுக்கு வரவில்லை. கடற்கரையில் குழி தோண்டுகிற இடத்தில் உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார், பேர் தெரியாததற்கு 'ஆண், சுமார் 30, நீலச் சட்டை' என்று எழுதினார். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இங்கே கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார், குரங்குக் குல்லாவைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், "வா, குளிருது" என்றார். கார் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

29 ஆகஸ்ட், ஃபைரிஷ் குன்று

இந்தப் பயணமே இதற்காகத்தான், அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இன்வர்னெஸ்ஸுக்கு வடக்கே அரை மணி நேரத்தில் 453 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று, உச்சியில் ஏதோ கோட்டையின் மிச்சம் மாதிரி ஒன்று நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். பைன் மரங்களுக்கு நடுவே செங்குத்தாக ஒரு பாதை. சின்னக் கொசு மாதிரி ஒரு பூச்சி இருக்கிறது இங்கே, மிட்ஜ் என்கிறார்கள், கண்ணுக்கே தெரியாது, ஆனால் நின்றால் காது மடலைத் தின்றுவிடும். அதனால் உட்கார்ந்து இளைப்பாறவும் வழியில்லை. எல்லோரும் ஒரு மணி நேரத்தில் ஏறுகிற மலையை இரண்டு மணி நேரத்தில் ஏறினோம்.

மேலே போனால் நடுவில் மூன்று வளைவு வாசல், இருபுறமும் தனித்தனியாக நிற்கிற தூண்கள், மதில் பல் மாதிரி உச்சி. ஒட்டுப்போட்ட முரட்டுக் கல். பின்னால் ஒன்றுமே இல்லை, வாசல் மட்டும்தான், வானத்துக்குப் போகிற வாசல் மாதிரி. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே "என்ன கோட்டை?" என்றார்.

"நாகப்பட்டினம் கோட்டை வாசல்ப்பா."

விளையாடுகிறேன் என்று நினைத்தார். இல்லை. இந்த நிலத்துக்கு அன்றைய சொந்தக்காரர் நோவர் எஸ்டேட்டின் ஹெக்டர் மன்றோ, இந்தியாவில் ஆங்கிலேயப் படைத் தளபதியாக இருந்தவர். 1764-இல் பக்சாரில் ஜெயித்தவர், 1778-இல் பாண்டிச்சேரியைப் பிடித்தவர், 1780-இல் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் இன்னொரு ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை நொறுக்கியபோது பக்கத்தில் காஞ்சிபுரத்திலேயே இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர். 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது இவர் தலைமையில்தான். ஊர் திரும்பிய பணக்காரர், இங்கே சனங்கள் வேலையில்லாமல் கிடப்பதைப் பார்த்து, அவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே தான் பிடித்த கோட்டையின் வாசலை மாதிரி செய்து மலை உச்சியில் கட்டச் சொன்னார். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று ராத்திரியில் கற்களை மறுபடி கீழே உருட்டிவிடச் சொன்னதாக உள்ளூரில் ஒரு கதை உண்டு.

"அப்ப நூறு நாள் வேலைதான்," என்று அப்பா சிரித்துவிட்டார். "நம்ம ஊர்லயும் ஒரே குளத்த மூணு வருஷம் வெட்டுவாங்க." அப்புறம் வளைவின் உள்பக்கம் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். "பொறந்ததுலேருந்து அங்கதான் இருக்கேன், இப்புடி ஒரு வாசல நான் பாத்ததில்ல."

அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டோம், ஆச்சரியமாகச் சிக்னல் இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "அத எதுக்கு அங்க கொண்டு போனாங்க?" என்று கேட்டாள். கொண்டு போகலடி, பாத்துக் கட்டினது என்று அப்பா விளக்கினார். அம்மாவுக்கு ஒப்பவில்லை, அப்ப நம்மளது எங்க போச்சு என்றாள். இருவரிடமும் பதில் இல்லை. கீழே குரோமார்ட்டி கடற்கழியில் வேலை ஓய்ந்த எண்ணெய்த் துரப்பண மேடைகள் நாலைந்து கால் தூக்கி நின்றுகொண்டிருந்தன.

இறங்கும்போது மிச்சக் கதையையும் சொன்னேன். வாசல் கட்டிப் பத்து வருஷம்கூட இருக்காது, 1792, இதே வட்டாரத்தில் நிலமெல்லாம் ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்குப் போக, குடியானவர்கள் கூடி ஆயிரக்கணக்கான ஆடுகளை வளைத்து ஜில்லாவை விட்டே ஓட்டப் பார்த்தார்கள், பட்டாளம் வந்து அடக்கியது. 'ஆடுகளின் வருஷம்' என்று அதற்குப் பெயர். கூலி கொடுத்து உயிர் காத்த அதே பண்ணைகளில்தான் ஆளுக்குப் பதில் ஆடு என்று முடிவானது. அப்பா இதற்குச் சிரிக்கவில்லை.

30 ஆகஸ்ட், கோல்ஸ்பி, பேட்பே

கோல்ஸ்பி ஊருக்கு மேலே மலையில் சதர்லாந்து பிரபுவின் சிலை. பீடத்தோடு சேர்த்து 30 மீட்டர், 1837-இல் எழுப்பியது. துயரமும் நன்றியும் கொண்ட குடியானவர்கள் வைத்தது என்று கல்வெட்டில் எழுதியிருக்கிறது. இவரும் இவர் மனைவி சீமாட்டி எலிசபெத்தும்தான் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காலி செய்து கடலோரத்துக்குத் தள்ளியவர்கள். சிலையை உடைக்க வேண்டும் என்பவர்கள் இன்னமும் உண்டு. அப்பா காரை விட்டே இறங்கவில்லை.

இன்னும் வடக்கே பேட்பே. அங்கே அப்படித் தள்ளப்பட்டவர்கள் செங்குத்துப் பாறை விளிம்பில் வீடு கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். காற்று தூக்கிக் கடலில் போட்டுவிடும் என்று கோழி, மாட்டோடு சேர்த்துப் பிள்ளைகளையும் கயிற்றில் கட்டி வைப்பார்களாம். நியூஸிலாந்துக்குப் போன ஒருவரின் மகன் 1911-இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. இன்றைக்கும் காற்றுக்குக் குறைவில்லை, அப்பா ஒரு கையால் குல்லாவையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் பிடித்த அதே பிடி.

31 ஆகஸ்ட், தர்சோ

ஆர்க்னி தீவுக்குப் படகில் போவதாக இருந்தோம். காற்றால் படகு ரத்து. சரி என்று மேற்கே கிளம்பினால் ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய் டயர் கிழிந்தது. ஸ்டெப்னி வைக்காமல் ஏதோ ஒரு பசை டப்பாவை மட்டும் வைத்து காரைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். சுற்றிலும் கடந்த ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கரிச்சதுப்பு. அழகுதான், ஆனால் முறுக்கும் தீர்ந்துவிட்டது.

1 செப்டம்பர், ஸ்ட்ராத்நேவர்

கடைசியாக ரோசல். நேவர் ஆற்றுக்குப் பக்கத்தில் ஊசியிலைத் தோட்டத்துக்குள் நடந்து போனால் திடீரென்று மரம் விலகி ஒரு பச்சை மேடு வரும். நான் பார்த்தது புல், கொஞ்சம் சிதறின கல், ஆடு மேய்ந்த தடம். அப்பா நாலு எட்டு வைத்தார், நின்றார். "இது நத்தம்மா," என்றார்.

அதற்கப்புறம் எனக்குத் தகவல் பலகையே தேவைப்படவில்லை. இது வீடு, நீளவாக்குல, இந்தப் பக்கம் மாடு கட்டியிருப்பாங்க பாரு, சரிவு கீழ எறங்குது. இது பின்னாடி சேந்த தடுப்பு. இது சாகுபடி, வரப்பு மாதிரி மேடு மேடா தெரியுதுல்ல, வெயில் சாஞ்சாத்தான் தெரியும். ஊரைச் சுற்றி ஓடுகிற கல் மதில் மிச்சத்தைக் காட்டி, "இதுக்குள்ள நஞ்சை, வெளிய மேய்க்கால்" என்றார். அவருக்கு முன்னால் தொல்லியல்காரர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான், ஊரைச் சுற்றின மதிலுக்குள் பயிர், வெளியே மேய்ச்சல்.

1814-லும் 1819-லும் இந்தப் பள்ளத்தாக்கைக் காலி செய்தார்கள். அதே சதர்லாந்து பண்ணையின் கணக்கர் பாட்ரிக் செல்லர் ஆட்களோடு வந்து கூரை மரத்துக்குத் தீ வைத்தார். மரம் அரிதான ஊர், கூரை மரம் எரிந்தால் மறுபடி வீடு கட்ட முடியாது. கிட்டத்தட்ட நூறு வயதுக் கிழவி ஒருத்தி படுக்கையில் இருக்க வீட்டைக் கொளுத்தி, வெளியே தூக்கிப்போட்ட ஐந்தாம் நாள் அவள் செத்தாள் என்று வழக்கு. 1816-இல் இன்வர்னெஸ்ஸில் விசாரணை, விடுதலை. அந்த நிலத்தை ஆட்டுப் பண்ணைக்குக் குத்தகை எடுத்திருந்ததும் அதே செல்லர்தான்.

"கணக்குப்பிள்ளையே குத்தகைக்கா?" அப்பாவின் குரல் ஏறிவிட்டது. "சனங்க கிட்ட ஒரு காயிதமும் இல்லையா?"

இல்லை. தலைமுறை தலைமுறையாக இருந்ததால் இருக்கிற உரிமை என்று நினைத்திருந்தார்கள், கேலிக் மொழியில் அதற்கு 'தூகஸ்' என்று ஒரு சொல் உண்டு, எழுத்தில் மட்டும் கிடையாது.

"அனுபவ பாத்தியம்," என்றார் உடனே.

அப்புறம் சட்டம் வந்ததா என்று கேட்டார். 1886-இல் வந்தது, மிச்சம் இருந்த சிறு குடியானவர்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று. இங்கேயிருந்து போனவர்களுக்கு அது உதவவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மிட்ஜ் மொய்க்க ஆரம்பித்துவிட்டது, போகலாம்ப்பா என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். வரவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, பால்பாயிண்ட் பேனாவால் வரைந்துகொண்டிருந்தார். புலப்படம் மாதிரி, வீடுகளைக் கட்டம் கட்டமாகப் போட்டு நம்பர். காரில் வாங்கிப் பார்த்தேன். பதினாலு நம்பர் வரை போட்டிருக்கிறார், இருட்டும் பூச்சியும் மிச்சத்தை விடவில்லை போல. ஓரத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து:

ரோசல். நத்தம். மேற்கே ஆறு. அனுபவதாரர் பெயர்: விசாரிக்கவும்.